ஓவனும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம்: கருப்பட்டிப் பாகில் கிரனோலா பார்

ஓவன் இல்லாமல் செய்யும் கிரனோலா பாருக்குக் குறிப்பு தேடினால் கணக்கில்லாமல் கிடைக்கும். ஓட்ஸ், தேன், பீனட் பட்டர், பேரீச்சம்பழம் என்று சேர்மானம் முன்னே பின்னே இருக்கும். கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வெட்டவும். வில்லங்கம் அந்த வரியில்தான் இருக்கிறது. பாரைக் கட்டிப் பிடிக்கிற அளவுக்குத் தேன் தானாக இறுகாது. பீனட் பட்டரில் இருக்கும் கடலை எண்ணெய் நம்ம ஊர் வெக்கையில் எப்போதும் எண்ணெயாகவேதான் நிற்கும். இரண்டையும் கட்டியாகப் பிடித்து வைத்திருப்பது ஃப்ரிட்ஜின் குளிர் மட்டுமே. காலையில் வெளியே எடுத்து டிபன் பாக்ஸில் போட்டு, பாளையங்கோட்டை வெயிலில் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினால், சின்ன இடைவேளைக்குப் பிள்ளை திறக்கும்போது பிசைந்த அவல் மாதிரி ஆகியிருக்கும். "அப்பா, ஸ்பூன் வச்சி விட்டிருக்கலாம்லா" என்றாள் மூத்தவள். நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

குளிர் இல்லாமலே நிற்கிற பார் வேண்டும். அதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது, பாகு. அதிலும் இரண்டு கோடி உண்டு. ஒரு கோடியில் கோவில்பட்டி கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் 1986 வரை அதுவும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். அதன் பாகில் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் வற்றியிருக்கும். அதனால்தான் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் வெயிலில் அசையாது. ஆனால் பால் பல் ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அதைக் கடிப்பது பெரும்பாடு. மறு கோடியில் கார்த்திகைக்குப் பிடிக்கிற பொரி உருண்டை. கடித்தால் பாதி வாயில், பாதி யூனிஃபார்மில். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பதத்தைப் பிடித்துவிட்டால் போதும். வளையவும் வேண்டும், கடிபடவும் வேண்டும், கையில் ஒட்டவும் கூடாது. இந்தப் பதிவு முழுக்க அந்தப் பதத்தைத் தேடினதுதான்.

இப்போது கையில் நிலைத்துவிட்ட அளவு இது. சிவப்பு அவல் 100 கிராம், ஓட்ஸ் 100 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 120, பொரிகடலை 40, எள் 25, பூசணி விதை 15. ஆக உலர்ந்த சாமான் 400 கிராம். இதைக் கட்ட வெல்லமும் கருப்பட்டியும் பாதிக்குப் பாதியாக 250 கிராம். ஒரு மேசைக்கரண்டி நெய், இரண்டு சிட்டிகை உப்பு, சுக்கும் ஏலக்காயும் பொடித்தது அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு நாலைந்து சொட்டு. ஒன்பது அங்குலச் சதுரத் தட்டில் அமுக்கினால் விரல் கனத்துக்கு வரும், 16 துண்டு விழும்.

ஓட்ஸ் எதற்கு, அவலே போதாதா என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான், அவலை மட்டும் போட்டும் செய்து பார்த்தோம். அவல் நொறுங்கும், இழுபடாது. பாகு எவ்வளவு நல்ல பதத்தில் இருந்தாலும் துண்டு போடும்போது விளிம்பு உதிர்ந்துகொண்டே இருந்தது. ஓட்ஸை மட்டும் போட்டால் மெல்ல மெல்ல வாயிலேயே கிடக்கிறது, விழுங்குவதற்குள் மணி அடித்துவிடும். பாதிக்குப் பாதி சேர்த்ததில் ஒன்றின் குறையை மற்றது மூடிவிட்டது. ஓட்ஸ் வாங்கும்போது தட்டையாக, முழு இதழாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கஞ்சியாகிற பொடி ரகம் பாகை உறிஞ்சிக்கொண்டு மாவாகிவிடும்.

வறுப்பதில் அவசரம் ஆகாது. ஓவனில் வைக்காத பாருக்கு ஈரம் போகிற ஒரே இடம் இந்த இரும்புச் சட்டிதான். சாமானில் ஈரம் மிச்சம் இருந்தால், நீங்கள் பாடுபட்டு வற்ற வைத்த பாகை அது மறுபடி இளக்கிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில் வறுக்கிறேன். அவலை விரல் நுனியில் வைத்து நசுக்கினால் வளையாமல் பொடிய வேண்டும். ஓட்ஸ் நிறம் மாறுவதற்கு முன்பே வாசம் சொல்லிவிடும். எள் வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தால் கசப்பு. கடலை கால் மணி நேரம் பிடிக்கும். ஆறியதும் உள்ளங்கையில் தேய்த்துச் சுளகில் புடைத்தால் தோல் பறந்துவிடும். அப்போதே சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை தட்டியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். கடலையில் பிடிக்கிற பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஒரு சொத்தைக் கடலை போதும், அந்தத் துண்டையே பிள்ளை துப்பிவிடும். பொரிகடலைக்கு வறுவல் வேண்டாம், சட்டிச் சூட்டில் புரட்டினால் போதும். கடலையை ஒன்றிரண்டாக உடைத்துப் போடுகிறேன். முழுக்கடலை இருந்தால் கத்தி அதில் இடித்துத் துண்டு கோணலாகப் போகிறது.

கருப்பட்டி உடன்குடிப் பக்கத்துச் சரக்கு. சிரட்டை வடிவில் வார்த்து ஓலைக் கொட்டானில் கட்டி வருவது. அதை அப்படியே தட்டிப் பாகில் போடக் கூடாது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள், அதில் கொஞ்சம் கருப்பட்டியோடு வரும். மணல், ஓலைத் துணுக்கு, எப்போதாவது ஒரு வண்டும் வரும். 75 மில்லி தண்ணீரில் வெல்லத்தையும் சேர்த்துக் கரைய விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் துணியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டல் தங்கும். விரலால் தொட்டால் நறநறவென்று இருக்கும். அதைப் பார்த்த பிறகு வடிகட்டாமல் செய்ய யாருக்கும் மனசு வராது.

முழுக்கக் கருப்பட்டியிலேயே செய்தால் என்ன? ருசிக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கருப்பட்டி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்தில் கருப்பட்டிக் கொட்டானை அடுப்புக்கு மேலே புகை படுகிற பரணில் வைத்தது சும்மா இல்லை. ஐப்பசி மழையில் முழுக் கருப்பட்டியில் செய்த பார் டப்பாவுக்குள்ளேயே வியர்த்துவிட்டது. பாதி வெல்லம் சேர்த்தபின் அந்தத் தொல்லை குறைந்தது, செலவும் குறைந்தது. வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பார்த்துவிடுவது நல்லது. உள்ளே பளபளவென்று சீனிப் பரல் மின்னினால் அது கலப்படம், காசு கொடுத்துச் சீனி வாங்க வேண்டிய அவசியமில்லை.

இனிப் பாகு. கனத்த அடி உள்ள பாத்திரம், நடுத்தரத் தீ. வடிகட்டின கரைசல் முதலில் பெரிய பெரிய குமிழாகப் பொங்கும், பாத்திரம் சின்னதாக இருந்தால் வழிந்து அடுப்பை மெழுகிவிடும். நாலைந்து நிமிடத்தில் குமிழ் சிறுத்து, நெருங்கி, நுரை கனக்கும். ஓசையும் மாறும். சளசளவென்று இருந்தது கொதக் கொதக் என்று அடங்கும். அதற்குப் பிறகு அடுப்பை விட்டு நகரக் கூடாது, போன் வந்தால் அடிக்கட்டும்.

இந்த இடத்தில் நான் சமையல் தெர்மாமீட்டரைப் பாகுக்குள் விடுவேன். பாகின் சூடு ஏற ஏற அதில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் குறைகிறது, இதுதான் பதத்தின் சூத்திரமே. சீனிப் பாகுக்கு உள்ள கணக்கு இது: 112 முதல் 116 டிகிரி செல்சியஸில் உருட்டினால் மெத்தென்று உருளும். 118 முதல் 121-இல் உருண்டை உருவம் நிலைக்கும், அமுக்கினால் கொடுக்கும், அப்போது பாகில் நூற்றுக்கு 87 பங்கு சீனி. 146-ஐத் தாண்டினால் 99 பங்கு சீனி, கடலை மிட்டாய் மாதிரி முறியும். நமக்கு வேண்டியது 121, மழைக்காலமானால் 125. ஆனால் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சீனியோடு வேறு சரக்கும் இருப்பதால், ஒரே எண்ணில் நிறுத்தினாலும் வாரத்துக்கு வாரம் பதம் கொஞ்சம் முன்னே பின்னே போகிறது. அம்மாவுக்கு இந்தக் குச்சியே பிடிக்கவில்லை.

"பாகை நம்பாம கம்பியை நம்புதியே, ஏல. ஒரு கிண்ணத்துல பச்சத் தண்ணி எடு. சொட்டு விட்டு உருட்டு. கையில எடுத்து இழுத்தா வளைஞ்சி கொடுக்கணும். பட்டுனு ஒடிஞ்சா மிட்டாயிப் பதம், இறக்கிப்போடு."

அவள் சொன்னபடி செய்ததில் தெர்மாமீட்டரும் தண்ணீரும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத நாளில் தண்ணீர் சொன்னதுதான் சரியாக இருந்தது. இப்போது தெர்மாமீட்டர் 118-ஐத் தொட்டதும் தீயைக் குறைத்துவிட்டுக் கிண்ணத்துக்கு மாறிவிடுகிறேன். சொட்டுத் தண்ணீருக்குள் போய் உருண்டு கிடக்கும். எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் தட்டையாகி, விளிம்பு கீறாமல் இருக்க வேண்டும். தட்டில் போட்டால் 'டங்' என்று ஓசை வரக் கூடாது. இழுத்தால் அரை அங்குலம் நீண்டு, பிறகு அறுபட வேண்டும். அதுதான் நான் தேடின நடுப்பதம்.

எலுமிச்சைச் சாற்றை ஆரம்பத்திலேயே விட்டுவிட வேண்டும். புளிப்பு, சுக்ரோஸ் என்கிற சீனியில் கொஞ்சத்தை உடைத்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆக்கும், அதனால் பாகு ஆறும்போது பரல் பரலாகப் பூத்துப் போகாது. அதற்காக அரை மூடி பிழிந்தால் ஈரம் இழுக்கிற குணமும் கூடிவிடும், சொட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நெய், உப்பு, சுக்குப் பொடி எல்லாம் அடுப்பை அணைத்த பிறகு.

கலக்கும்போது ஒரு சங்கதியை எந்தக் குறிப்பிலும் நான் பார்க்கவில்லை. வறுத்த சாமான் ஆறிப்போய்க் கிடந்தால், கொதிக்கிற பாகு அதில் பட்டதும் அங்கங்கே உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும். பாதிக்குப் பாகு படாது. பாகு வைக்கும்போதே பக்கத்து அடுப்பில் சட்டியை மிகச் சிறு தீயில் வைத்து, சாமானைத் தொட்டால் சுடுகிற அளவுக்குச் சூடாக வைத்திருக்க வேண்டும். பாகை அதில் ஊற்றி, அடியிலிருந்து புரட்டிப் புரட்டி ஒரு நிமிடம். ஒவ்வொரு அவலும் ஈரமாக மின்னினால் போதும், அதற்கு மேல் கிளறினால் அவல் உடைந்து தூளாகும்.

தட்டில் பட்டர் பேப்பர் விரித்து நெய் தடவியிருக்க வேண்டும். கொட்டிப் பரப்பி, அடி தட்டையான எவர்சில்வர் டம்ளரில் நெய் தடவி அமுக்குகிறேன். முதலில் நாலு மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு. நடுவிலிருந்து ஆரம்பித்தால் ஓரம் பொலபொலவென்று நிற்கும், அந்த வரிசைத் துண்டுகள்தான் பையில் உடையும். உடம்பு எடையைக் கொடுத்து அமுக்க வேண்டும். கை அழுத்தமே போதும் என்று விட்டால் உள்ளே காற்று நிற்கும். இதற்கெல்லாம் மூன்று நான்கு நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் பாகு பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்துவிடும். பத்து நிமிடம் கழித்துக் கத்தியால் கோடு மட்டும் போட்டுக்கொண்டு, தட்டின் அடி வெதுவெதுப்புக்கு வந்ததும் ஒரே அழுத்தாக அமுக்கி வெட்ட வேண்டும். ரம்பம் மாதிரி இழுத்து அறுத்தால் எள் எல்லாம் கத்தியோடு வரும். முழுக்க ஆறிய பிறகு வெட்டினால் சில்லுச் சில்லாக உடையும். அப்படி உடைந்ததும் வீணில்லை, காலையில் பாலில் போட்டால் கடை கிரனோலாவை விட நன்றாகவே இருக்கிறது.

ஆறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பட்டர் பேப்பரில் சுற்றித் தூக்கில் அடுக்கிவிடுகிறேன். பிளாஸ்டிக் தாளில் சுற்றுகிற யோசனை எங்களுக்கு வரவே இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை தூக்கி எறிகிற பிளாஸ்டிக் தடையில் இருக்கிறது, உணவு சுற்றுகிற தாளும் அதில் சேர்த்தி. பள்ளியிலும் பையைப் பார்க்கிறார்கள். பங்குனி வெயிலில் இந்தப் பார் கொஞ்சம் மெத்தென்று ஆகும், உருவம் குலையாது. ஆடிக் காற்றுக் காலத்தில்தான் இதற்கு ராஜயோகம், பத்து நாள் வைத்தாலும் முறுமுறுப்புப் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு மேல் நம்பக் கூடாது. அந்த மாதங்களில் பாகை முன்னே சொன்னபடி நாலு டிகிரி ஏற்றி, கலவையில் பாதியாகவே செய்கிறேன். எறும்புக்கு மட்டும் சீசன் கிடையாது. பேப்பரின் மடிப்பில் ஒரு துளி பாகு ஒட்டியிருந்தால் போதும், வகுப்பறை பெஞ்சு வரைக்கும் ஊர்வலம் வந்துவிடும். சுற்றுவதற்கு முன் துண்டின் அடியை ஒரு பார்வை பார்த்துவிடுவது உத்தமம்.

சேர்க்கலாமா என்று வீட்டில் மனு போட்ட சாமான்கள் சில உண்டு. சாக்லேட் சிப்ஸ் தள்ளுபடி. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், அந்தச் சூட்டுக்கு நம்ம ஊரில் மதியம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் ஒரு கரண்டி கோகோ பவுடரை உலர்ந்த சாமானில் கலந்தேன், மூத்தவள் சமாதானமாகிவிட்டாள். பச்சைத் தேங்காய்த் துருவல் கூடவே கூடாது, அதன் ஈரமே கெடுத்துவிடும். கொப்பரையைச் சீவி வறுத்துப் போடலாம். பேரீச்சம்பழத்தை அரைத்துப் பாகுக்குப் பதில் போடுவது இப்போது பெரிய பழக்கமாக இருக்கிறது. தின்ன நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பாக்ஸில் துவண்டுபோய்க் கிடக்கும். பொடியாக நறுக்கின திராட்சை ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் அனுமதி.

கருப்பட்டி என்பதால் சத்துப் பார் என்று ஒரு பேச்சு எங்கள் தெருவிலேயே கிளம்பிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கணக்குப் போட்டால் ஒரு துண்டில் 14, 15 கிராம் சர்க்கரை வருகிறது, ஆற்றல் 180 கலோரி அளவு. உணவோடு சேர்க்கிற சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல், ஒரு நாள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளைக்கு 1,500 கலோரி சாப்பிடுகிற பிள்ளைக்கு அது 37 கிராம் வாக்கில் வரும். அதில் இந்த ஒரு துண்டே பாதிக்குக் கொஞ்சம் கீழே, ஐந்தில் இரண்டு பங்கு வாக்கில் நிற்கிறது. கடலை, எள், அவலால் வயிறு தாங்கும் என்பது உண்மை, கடை பிஸ்கட்டுக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் சோற்று டப்பாவோடு ஒரு துண்டு, அதுவும் வாரத்தில் மூன்று நாள் என்று வைத்திருக்கிறோம். மற்ற நாள் அவித்த கொண்டைக்கடலையோ வாழைப்பழமோ. பாகை 200 கிராமுக்குக் குறைத்தும் பார்த்தாயிற்று. கட்டு விட்டுப் போகிறது. சர்க்கரையைக் குறைக்க ஒரே வழி துண்டைச் சின்னதாக வெட்டுவதுதான்.

சின்னவன் எல்.கே.ஜி. அவனுக்கு இந்தப் பார் கொடுப்பதில்லை. ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. அவனுக்கென்று ஒரு கை சாமானை மிக்ஸியில் பொடியாக்கி, பாகை மெத்தென்ற பதத்திலேயே ஒரு கரண்டி எடுத்து விட்டு, சுண்டைக்காய் அளவில் உருட்டி வைத்துவிடுகிறாள் அம்மா. அவன் வீட்டில் உட்கார்ந்துதான் தின்பான், பள்ளிக்கு இல்லை.

மூத்தவள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. நம்ம பிள்ளைகள் டிபன் பாக்ஸைப் பங்கு போடாமல் சாப்பிடுவதில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசினேன். பொரிகடலையும் எள்ளும் அவளுக்குப் பழக்கம்தான், ஒன்றும் செய்ததில்லை என்று சொன்ன பிறகே கடலை இல்லாத ஒரு கலவை போட்டேன். கேட்காமல் செய்கிற காரியம் இல்லை இது, எள்ளே ஆகாத பிள்ளைகளும் உண்டு. நிலக்கடலை 120 கிராமுக்குப் பதில் பொரிகடலை 70 கூட்டி, பூசணி விதை 50 கூட்டினேன். சட்டி, சுளகு, டம்ளர், தட்டு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காய வைத்த பிறகுதான் வறுக்கவே ஆரம்பித்தேன். கடலை விடுகிற எண்ணெய் இதில் கிடையாது, அதனால் பார் வறட்டு வறட்டென்று கெட்டிப்பட்டது. அடுத்த முறை நெய்யை ஒன்றரைக் கரண்டியாக்கி, பாகை 119-இலேயே இறக்கினேன், கடி சரியாக வந்தது. இப்போது வகுப்புக்குப் போவது இந்தக் கலவைதான். கடலை போட்டது சனி, ஞாயிறுக்கு வீட்டில்.